அட்வான்ஸ் வாங்கியது அப்பா, வேலைக்குப் போவது பிள்ளை

வாசகர் கேள்வி, டீச்சர் பதில்

ஜூன் மாதம் எங்கள் ராமநாதபுரம் கரையில் சங்கடமான மாதம். பள்ளிக்கூடம் திறக்கிறது. அதே சமயத்தில், ஏப்ரல் 15-ல் தொடங்கிய 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் ஜூன் 14-ல் முடிந்துவிடுகிறது. புதுப் புத்தகம் வாங்கின கையோடு ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பையன்கள் சிலர் காணாமல் போவார்கள். விசாரித்தால், "போட்டு போயிருச்சுல்ல டீச்சர்" என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் சொல்வான். போட்டு என்றால் படகு. 2002-லிருந்து உலகம் முழுக்கக் குழந்தைத் தொழிலாளர் எதிர்ப்பு தினமாகக் கடைப்பிடிப்பதும் ஜூன் 12-தான். யார் தேர்ந்தெடுத்தார்களோ, எங்கள் ஊருக்கு நன்றாகவே பொருந்துகிறது.

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி இதைப் பற்றித்தான். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு வாசகி: டீச்சர், எங்கள் தெருவில் ஒரு பையன். பன்னிரண்டு வயசு இருக்கும். பொங்கல் கழித்துக் கடலுக்குப் போன அவன் அப்பாவை இலங்கை நேவி பிடித்துவிட்டது, இன்னும் வரவில்லை. பையன் விடியுமுன்னே கரைக்குப் போய் வலையில் நண்டு எடுக்கிறான். பள்ளிக்கூடம் போவதே இல்லை. குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லலாம் என்றால், "பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், தெருவே நம்மைக் கரிக்கும்" என்கிறார் என் வீட்டுக்காரர்.

தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதனால் போனை எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

நண்டு எடுக்கிற வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். நரம்பு வலை நண்டைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். கொடுக்கை மடக்கிப் பிடித்துக்கொண்டு, கால் ஒடியாமல் வலையின் ஒவ்வொரு கண்ணாக விலக்கி எடுக்க வேண்டும். கால் போன நண்டுக்கு விலையும் போய்விடும். பெரிய ஆளின் தடித்த விரலைவிடப் பிள்ளையின் மெல்லிய விரல் அதற்குச் சௌகரியம். கரையில் சின்னப் பையன்களுக்குக் கிராக்கி இருப்பது அதனால்தான், இரக்கத்தினால் இல்லை. இப்படி வேலைக்குப் போய்விட்டு வகுப்புக்கு வருகிற பையனை நான் விரலைப் பார்த்தே கண்டுபிடிப்பேன். ஆள்காட்டி விரல் ஓரத்தில் கீறலும், அதில் உப்புத் தண்ணீர் பட்டு வெளுத்த தோலும் இருக்கும். பேனாவைக் கட்டை விரலுக்கும் நடு விரலுக்கும் நடுவில் வைத்து எழுதுவான்.

முதலில் அவன் அம்மாவைப் போய்ப் பாருங்கள். "பையனை ஏன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை" என்று ஆரம்பிக்காதீர்கள், கதவு சாத்திவிடும். "யாரிடம் பணம் வாங்கியிருக்கிறாய்?" என்று கேளுங்கள். வீட்டுக்காரர் பிடிபட்டதும் அரிசி வாங்கவும் வக்கீலைப் பார்க்கவும் யாரோ ஒரு வியாபாரியோ படகுக்காரரோ கை கொடுத்திருப்பார். உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் திருப்பிக் கேட்கும்போது பணமாகக் கேட்காமல், "தம்பியைக் காலையில் ஒரு மணி நேரம் அனுப்பு" என்பார். அந்த ஒரு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு பள்ளிக்கூடத்தைத் தின்றுவிடும். முடிச்சு அந்த முன்பணத்தில் இருக்கிறது. அதைத் தொடாமல் பையனுக்கு அறிவுரை சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

அடுத்து, இலங்கைச் சிறையில் இருக்கும் மீனவர்களின் குடும்பத்துக்கு அரசு தினப்படி உதவித்தொகை கொடுக்கிறது. அது அந்தப் பெண்ணுக்கு வருகிறதா? மனு மீன்வளத்துறை அலுவலகத்தில் கிடக்கிறதா, பாஸ்புக் யார் பெயரில் இருக்கிறது என்று கூடப் போய்க் கேளுங்கள். தனியாகப் போனால் "நாளைக்கு வா" என்பார்கள். இரண்டு பெண்களாகப் போனால் உட்காரச் சொல்வார்கள்.

அப்புறம் மிஷன் வாத்சல்யா என்கிற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் நிதி ஆதரவு. பிள்ளை வீட்டிலேயே இருந்து படிக்க மாதம் 4,000 ரூபாய். கிராமத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள், மற்ற இடங்களில் 96,000-க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும். வேலையில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கும் இது பொருந்தும் என்பது பலருக்குத் தெரியாது.

இவ்வளவு செய்தும் பையனை அந்த ஆள் விடவில்லை என்றால் 1098-க்கு அடியுங்கள். இலவசம், நடுராத்திரியிலும் எடுப்பார்கள், உங்கள் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. மீட்கிற பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்த வேண்டும். வீடு சரியாக இருக்கிறது என்று குழு பார்த்தால் பிள்ளையை அம்மாவிடமே ஒப்படைக்கும். விடுதியில் சேர்ப்பது கடைசி வழி. முதல் தடவை சட்டம் பெற்றோர் மேல் பாய்வதில்லை. மறுபடியும் அனுப்பினால்தான் அபராதம், 10,000 ரூபாய் வரை. வேலைக்கு வைத்த ஆளுக்கோ ஆறு மாதம் முதல் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதை உங்கள் வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் பக்கம் பங்குச்சாமியார் சொல்லுக்கு மரியாதை உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து அவர் அந்தப் படகுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினால் போன் செய்ய வேண்டிய அவசியமே வராமலும் போகலாம்.

மோர்ப்பண்ணையிலிருந்து ஒரு வாசகர்: அப்பனோடு கடலுக்குப் போய்த்தான் நாங்களெல்லாம் தொழில் படித்தோம். பன்னிரண்டாவது முடித்துவிட்டு வந்தால் கடல் பிடிபடுமா? வாந்தி எடுத்துக்கொண்டு படுத்துக் கிடப்பான். தொழில் சொல்லிக் கொடுப்பதையும் குழந்தைத் தொழில் என்று சொன்னால் எப்படி?

அண்ணே, என் அப்பாவும் வத்தை என்கிற நாட்டுப்படகில் போனவர்தான். வாடைக் காற்றுக்கும் கச்சான் காற்றுக்கும் தண்ணீர் நிறம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் படித்தது இல்லை. அதனால் உங்கள் கேள்வியை நான் சாதாரணமாகத் தள்ளமாட்டேன்.

சட்டமும் தள்ளவில்லை. 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தினார்கள். அதன்படி 14 வயசுக்குள் எந்த வேலையும் கூடாது. ஆனால் பள்ளி நேரம் போக, விடுமுறை நாளில், சொந்தக் குடும்பத் தொழிலில் கூடமாட உதவலாம், அது ஆபத்தான வேலையாக இல்லாவிட்டால். சனிக்கிழமை காலையில் பையனை நாட்டுப்படகில் ஏற்றிக்கொண்டு கரை தெரிகிற தூரத்தில் வலை விடச் சொல்லிக் கொடுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. விசைப்படகு மீன்பிடிப்பும் உப்பள வேலையும் ஆபத்தான பட்டியலில் இருக்கின்றன. சொந்தப் படகாக இருந்தாலும், சொந்தப் பாத்தியாக இருந்தாலும் 14 வயசுக்குள் கூடாது. 14-லிருந்து 18 வரை ஆபத்தான தொழில் எதுவும் கூடாது.

இந்தக் "குடும்பத் தொழில்" என்ற விதிவிலக்கில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை கூடாது, ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று 2017-ல் விதி போட்டார்களே தவிர, வீட்டுக்குள் அதை யார் பார்க்கிறார்கள்? ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவோடு போய்விட்டு எட்டு மணிக்குத் திரும்பி, ஒன்பது மணிக்குப் பிரேயரில் நிற்கிற பையனை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மூன்றாவது பீரியடில் தலை மேஜையில் விழுந்துவிடும்.

நான் பார்க்கிற கணக்கு ரொம்ப எளிது. படகு கரைக்கு வந்ததும் பையனுக்குப் பங்கு பிரிக்கிறீர்களா? பிரித்தால் அவன் படகில் வேலைக்கு வந்த ஆள். அவன் வராத அன்றைக்குப் படகு போகாதா? போகாது என்றால் அவன் தொழிலாளி. இரண்டும் இல்லை என்றால் நீங்கள் மகனுக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கிறீர்கள், சந்தோஷமாகச் சொல்லிக் கொடுங்கள்.

சாயல்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகி: என் அக்கா வீட்டுக்காரர் இருபதாயிரம் வாங்கிக்கொண்டு மூத்த மகனை, ஊர் ஊராக மந்தை ஓட்டிப் போகிற கீதாரியிடம் ஆடு மேய்க்க விட்டுவிட்டார். இப்போது தஞ்சாவூர்ப் பக்கம் கிடை போட்டிருக்கிறார்களாம். அவனுக்குப் பதின்மூன்று வயசுதான். திருப்பி அனுப்பச் சொன்னால் "பணத்தை வைத்துவிட்டுக் கூட்டிப்போ" என்கிறார்கள். நாங்கள் வட்டிக்கு வாங்கியாவது அடைத்து அவனை மீட்டுவிடலாமா?

அடைக்காதீர்கள். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அம்மா, 1976-லேயே கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேலையில் பிடித்து வைத்தால் அந்தக் கடன் சட்டத்தின் முன் இல்லாமல் போகிறது. இனி அதைக் கேட்பதே குற்றம். மூன்று வருஷம் வரை சிறை உண்டு. நீங்கள் வட்டிக்கு வாங்கிக் கொடுத்தால், இல்லாத கடனை அடைக்க ஒரு புதுக் கடனைத் தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள். அந்தக் கடனுக்கு அடுத்த வருஷம் இளையவன் போவான். நம் மாவட்டத்தில் இப்படி வரிசையாகப் போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அறுவடை முடிந்த வயலில் ஆட்டைக் கிடை போட்டால் எருவுக்காக வயல்காரர் நெல்லோ பணமோ கொடுப்பார். கீதாரியும் பெரிய பணக்காரர் இல்லை, குடும்பத்தோடு வயலிலேயே படுத்து எழுகிறவர்தான். ஆனால் அவர் பிள்ளைக்கும் உங்கள் அக்கா பிள்ளைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஆடு ஒன்று காணாமல் போனால் அவர் பிள்ளைக்குத் திட்டு விழும். உங்கள் பிள்ளைக்கு அதன் விலை கணக்கில் ஏறும். முன்பணம் குறையவே குறையாமல் இருப்பது இந்தக் கணக்கினால்தான்.

செய்ய வேண்டியது இது. அவன் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். போனில் பேச விட்டால் "எந்த ஊர்" என்று மட்டும் கேட்காதீர்கள், பாவம் அவனுக்குத் தெரியாது. "பக்கத்தில் என்ன கோயில், எந்த ஊர் போர்டு போட்ட பஸ் போகிறது, தண்ணீர் எங்கே பிடிக்கிறாய்" என்று கேளுங்கள். அந்த விவரத்தோடு 1098-க்குச் சொல்லுங்கள். கூடவே அந்தப் பகுதிக் கோட்டாட்சியருக்கு எழுத்தில் ஒரு மனு அனுப்புங்கள். கொத்தடிமையாக இருந்தான் என்று விசாரித்து விடுதலைச் சான்றிதழ் கொடுக்க வேண்டியவர் அவர்தான். நீங்களாக ஆள் சேர்த்துக்கொண்டு போய்ச் சண்டை போடாதீர்கள். ராத்திரியோடு ராத்திரியாகக் கிடையை மாற்றிவிடுவார்கள்.

அந்தச் சான்றிதழ் இல்லாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வராதீர்கள் என்பது என் பிடிவாதம். "எதுக்கும்மா கேஸு, பையன் வந்தாச்சு, சமாதானமாப் போங்க" என்று நடுவில் ஒருவர் நல்லவர் மாதிரி வருவார். சான்றிதழ் இருந்தால் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். வழக்கு முடிந்தபின் குழந்தைக்கு 2 லட்சம் ரூபாய் மறுவாழ்வு உதவி என்று திட்டத்தில் இருக்கிறது. சமாதானமாகப் போனால் இதில் எதுவும் கிடையாது. உங்கள் அக்கா வீட்டுக்காரர் திரும்ப முன்பணத்துக்குப் போகாமல் இருக்க அந்த 30,000 ரூபாய்தான் பிடிமானம்.

மதுரையிலிருந்து ஒரு வாசகர்: ராமேஸ்வரம், தனுஷ்கோடி வந்தபோது சின்னப் பிள்ளைகள் சிப்பி மாலை, பாசிமணி விற்றுக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். மனசு கேட்கவில்லை. வாங்கலாமா?

வாங்கினால் நாளைக்கும் பிள்ளையைத்தான் அனுப்புவார்கள், பெரியவர் விற்றால் யாரும் வாங்குவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும். மாலை பிடித்திருந்தால் பெட்டிக்கடையில் இருக்கிற அம்மாவிடம் வாங்குங்கள். பிள்ளையிடம் "படிக்கலையா" என்று கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம். முக்கியமாகப் போட்டோ எடுத்துப் போடாதீர்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவது 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி குற்றம். பள்ளி நேரத்தில் பார்த்தால் இடத்தைச் சொல்லி 1098-க்கு ஒரு போன்.

உச்சிப்புளியிலிருந்து ஒரு மாணவி: பத்தாவது பாஸ். வயது 16. மில்லுக்கு ஆள் எடுக்கும் புரோக்கர் வீட்டுக்கு வந்து, மூன்று வருஷம் தங்கி வேலை செய்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருவார்கள் என்கிறார். அம்மா சரி என்கிறார். எனக்குப் போக இஷ்டம் இல்லை.

இஷ்டம் இல்லை என்று எழுதினாயே, அதற்கே ஒரு சபாஷ். மொத்தமாகக் கடைசியில் பணம் என்பதும் கொக்கிதான் கண்ணு. இது தலைகீழ் முன்பணம். அங்கே கொடுத்துவிட்டுப் பிடித்து வைப்பார்கள், இங்கே கொடுக்காமல் பிடித்து வைப்பார்கள். உடம்புக்கு முடியாமல் நடுவில் திரும்பிய பெண்கள் வெறுங்கையோடு வந்ததை நம் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

18 நிரம்பாதவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட வேலையிலேயே இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை வேலை வாங்கக் கூடாது, ஓவர்டைம் கூடாது, இடைவேளையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இதை எழுதிக் கொடுப்பாரா என்று அந்தப் புரோக்கரிடம் உன் அம்மா முன்னாலேயே கேள்.

அம்மாவின் கவலை பணம் என்றால் பணத்தாலேயே பேசு. நீ ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்றால், பன்னிரண்டாவது முடித்துக் கல்லூரிக்குப் போனதும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உன் வங்கிக் கணக்கில் வரும். 2022-லிருந்து இருக்கிறது. சீக்கிரம் கைத்தொழில் வேண்டும் என்றால் பத்தாவதோடு ஐ.டி.ஐ.யில் சேரலாம், பரமக்குடியில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. அம்மா இன்னும் பிடிவாதமாக இருந்தால் உன் வகுப்பு டீச்சரை வீட்டுக்கு வரச் சொல். டீச்சர் வாசலில் வந்து நின்றால் காப்பி போடுகிற வீடுகள் இவை.

தொண்டி அருகே ஓர் ஆசிரியர்: வேலையிலிருந்து மீட்கப்பட்ட பையன் ஒருவன் எங்கள் பள்ளிக்கு வந்திருக்கிறான். வயது 13. வயதுக்கேற்ற வகுப்பு என்று எட்டாவதில் போடச் சொல்கிறார்கள். அவனுக்கு எழுத்துக் கூட்டவே வரவில்லை. இது அவனுக்குக் கொடுமை இல்லையா?

தம்பி, போடச் சொன்னது சரி, போட்டதோடு விட்டால் கொடுமை. 2009 கல்வி உரிமைச் சட்டம் வயதுக்கேற்ற வகுப்பு என்று சொன்ன கையோடு சிறப்புப் பயிற்சியும் கொடுக்கச் சொல்கிறது. குறைந்தது மூன்று மாதம், தேவைப்பட்டால் இரண்டு வருஷம் வரை. 1988-ல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள் இதற்காகவே இருந்தன. 2021-ல் அதை ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தோடு சேர்த்துவிட்டார்கள். உங்கள் வட்டார வள மையத்தில் கேளுங்கள்.

எழுத்துக் கூட்டத் தெரியாதவனை ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். என்னிடம் வந்த ஒரு பையனிடம், மூன்று கிலோ எழுநூறு கிராம் நண்டு, கிலோ 420 ரூபாய், எவ்வளவு என்று கேட்டேன். நான் சாக்பீஸைத் தேடி எடுப்பதற்குள் "ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பத்து நாலு" என்றான். ஆனால் ரேஷன் கார்டில் இருக்கிற அவன் பெயரை அவனுக்கு வாசிக்கத் தெரியாது. அவனுக்கு ஒன்றாம் வகுப்புப் பாடநூலைக் கொடுத்து "அணில், ஆடு" சொல்லச் சொன்னால் மறுநாள் வரமாட்டான், பக்கத்தில் ஏழு வயசுப் பிள்ளைகள் சிரிக்கும். நான் கரையில் நிற்கிற படகுப் பெயர்களை எழுதிக் கொடுத்தேன். மாதா பெயர், அம்மன் பெயர், முதலாளி பேத்தி பெயர் என்று எல்லாம் அவனுக்குப் பார்த்தவுடன் தெரிந்த படகுகள். வாயில் இருந்த பெயர் கண்ணுக்குப் பிடிபட்டது. ஏலக் கணக்குச் சீட்டு அதற்கடுத்த பாடம்.

இன்னொன்று, பசி. விடியலில் எழுந்து பழகிய பையனுக்கு ஒன்பது மணிக்கே வயிறு காந்தும். 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று வந்தது, இவனோ எட்டாம் வகுப்பு. சத்துணவு ஆயாவிடம் சொல்லி வைத்தால் ஏதாவது வழி பிறக்கும், அந்த மனுஷிகளுக்கு நம்மைவிட இதெல்லாம் சீக்கிரம் புரியும். வருகைப் பதிவேட்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள் வரவில்லை என்றால் மூன்றாம் நாள் வீட்டில் நில்லுங்கள். ஒரு வாரம் விட்டால் அதற்குள் யாரோ முன்பணம் கொடுத்திருப்பார்கள்.

மண்டபத்திலிருந்து ஒரு வாசகர்: நான் சின்னதாக இறால் உரிக்கும் கூடம் வைத்திருக்கிறேன். பிள்ளைகளை வேலைக்கு எடுப்பதில்லை. ஆனால் வருகிற பெண்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டி வருகிறார்கள், அதுகளும் உட்கார்ந்து உரிக்கின்றன. என் மேல் கேஸ் வருமா?

வரும் சார். கூடம் உங்களுடையது, இறாலும் உங்களுடையது. ரெஜிஸ்டரில் பெயர் இல்லை என்பது சமாதானம் ஆகாது.

நீங்கள் கிலோ கணக்கில் கூலி கொடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அம்மா தனியாக உரித்தால் ஒரு தட்டு, மகளும் சேர்ந்தால் ஒன்றரைத் தட்டு. கிலோக் கூலி இருக்கிறவரை நீங்கள் வாசலில் எத்தனை போர்டு மாட்டினாலும் பிள்ளை கை இறாலுக்குள் போகத்தான் செய்யும். நாள் கூலியாக மாற்றிப் பாருங்கள், பிள்ளையைக் கூட்டி வருவதில் அம்மாவுக்கு லாபம் இருக்காது. அதற்குக் கட்டுப்படியாகாது என்றால் கிலோ ரேட்டையாவது ஒருத்தி கைவேலையில் ஒரு நாள் வீட்டுச் செலவு ஓடுகிற அளவுக்கு ஏற்றுங்கள்.

ஆறு வயசுக்குக் கீழே உள்ளதுகளை விட இடம் இல்லாமல்தான் கூட்டி வருகிறார்கள். உங்கள் கூடத்துக்குப் பக்கத்து அங்கன்வாடி எது, எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று விசாரித்து, வேலை ஆரம்பிக்கும் நேரத்தை அதற்குத் தகுந்த மாதிரி தள்ளி வையுங்கள். ஐஸ் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். பெரிய பிள்ளைகள் விஷயத்தில், பள்ளி நாளில் கூடத்துக்குள் வந்தால் அம்மாவுக்கு அன்றைக்கு வேலை இல்லை என்று சொல்லிவிடாதீர்கள், பிள்ளைக்கு வீட்டில் அடி விழும். தலைமையாசிரியருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள், ஆள் அனுப்பிக் கூட்டிப் போவார்.